வீட்டில் ஆங்கிலம் பேசச் சொல்கிறது பள்ளி. பாட்டியிடம் யார் பேசுவது?

கேள்வி: எங்கள் தாய்மொழியைப் பேசுகிறவர்கள் மொத்தமே சில ஆயிரம் குடும்பங்கள்தான். தனி எழுத்து கிடையாது. வெளியே எல்லாம் தமிழ். பிள்ளைகள் படிப்பது ஆங்கில வழிப் பள்ளி. மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி. “கிளாஸில் வாயே திறப்பதில்லை, பேசினாலும் மொழிகளைக் கலந்து பேசுகிறாள், வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள்” என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் என்று என் கணவர் சட்டம் போட்டுவிட்டார். “நம்ம பாஷை நாளைக்குச் சோறு போடுமா?” என்று கேட்கிறார். எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் சுமார்தான். மாமியாருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பேத்தியிடம் பேசுவதையே அவர் குறைத்துக்கொண்டுவிட்டார். பத்து வயது மகனுக்கு நாங்கள் பேசுவது புரியும். ஆனால் பதில் தமிழிலோ ஆங்கிலத்திலோதான் வரும். மூன்று மொழி குழந்தையைக் குழப்புமா? எங்கள் மொழியை இப்போதைக்கு நிறுத்திவைத்து, ஆங்கிலம் நன்றாக வந்தபிறகு சொல்லித்தரலாமா? என் பெயரும் மொழியின் பெயரும் வெளியிட வேண்டாம்.

பதில் (பேச்சு, மொழி சிகிச்சையாளர்):

அன்புள்ள சகோதரிக்கு,

மொழியின் பெயரை வெளியிடவில்லை. சின்னச் சமூகம், மொழியைச் சொன்னால் ஆளையே கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. பதில் சொல்ல அந்தப் பெயர் தேவையும் இல்லை. இதே கடிதத்தை வேறு வேறு மொழிக்காரர்கள் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். அதனால் மகளின் ஆங்கிலம் கெடாது. ஆங்கிலத்துக்காக நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அவற்றையும் கீழே எழுதுகிறேன். ஆனால் வீட்டுப் பேச்சை நிறுத்துவது அந்த வேலைகளில் சேராது.

வகுப்பில் அவள் வாய் திறக்காததைப் பற்றி முதலில். புதிய மொழி பேசும் இடத்துக்குள் போகிற சிறு குழந்தை சில வாரங்கள், சில சமயம் பல மாதங்கள், பேசாமலே இருப்பது வழக்கம். அந்தக் காலத்தில் அவள் சும்மா இருப்பதில்லை. கேட்கிறாள், மற்ற பிள்ளைகள் எழுந்தால் எழுகிறாள், நோட்டை எடுக்கச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எடுக்கிறாள். வாயிலிருந்து எதுவும் வரவில்லை என்பதால் உள்ளே எதுவும் போகவில்லை என்று ஆசிரியர்கள் பதறிவிடுகிறார்கள். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது சரி. ஆனால் அவர் சொன்ன மருந்துதான் தவறு.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வீட்டில் அவள் எப்படிப் பேசுகிறாள்? உங்கள் சட்டம் வருவதற்கு முன்னால் பாட்டியோடு சண்டை போட்டாளா, கதை கேட்டாளா, “ஏன், ஏன்” என்று உயிரை எடுத்தாளா? ஆமாம் என்றால் அவளுடைய மொழித்திறனில் குறை இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் இன்னும் பேச்சு வரவில்லை. வீட்டிலும் வாக்கியம் சேர்த்துப் பேச மாட்டாள், சொன்னது புரிவதில்லை, பேசுவது வீட்டாருக்கே விளங்குவதில்லை என்றால் அது வேறு சங்கதி. கடைசியில் அதற்கு வருகிறேன்.

அடுத்தது கலந்து பேசுவது. ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி வந்தால் குழந்தை குழம்பிவிட்டாள் என்கிறார்கள். நம் வீட்டில் பெரியவர்கள் தமிழ் பேசும்போது எத்தனை ஆங்கிலச் சொல் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நம்மை யாரும் தெரபிக்கு அனுப்புவதில்லை. குழந்தை தன்னிடம் எந்தச் சொல் சட்டென்று கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறாள். இரண்டு மூன்று மொழியில் வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகப் பார்த்தால் சொற்கள் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். எல்லா மொழிச் சொற்களையும் கூட்டிப் பார்த்தால் ஒரு மொழிப் பிள்ளைகளுக்குச் சமமாகவே இருக்கும். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணி “பின்தங்கியிருக்கிறாள்” என்று எழுதிவிடும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

அப்படி ஒரு ரிப்போர்ட்டோடு என்னிடம் ஒரு பையனை அழைத்துவந்தார்கள். அவனுக்கும் ஐந்து வயதுதான். மழையில் ஒரு ஆடு சறுக்கி விழும் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டேன். “ரெய்ன்,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “கோட்.” அவ்வளவுதான். கூட வந்திருந்த பாட்டியிடம் அதே படத்தைக் கொடுத்து, அவர்கள் மொழியில் கேட்கச் சொன்னேன். எனக்கு அந்த மொழி தெரியாது. பையன் எழுந்து நின்றுகொண்டான். கையை ஆட்டினான், சறுக்கிக் காட்டினான், நடுவில் ஆட்டின் குரலில் பேசினான். பாட்டி சிரித்துக்கொண்டே தமிழில் எடுத்துச் சொன்னார்: அந்த ஆடு அம்மா பேச்சைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டதாம், அதனால்தான் விழுந்ததாம், வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று மரத்தடியில் நிற்கிறதாம். காரணம், விளைவு, இன்னொருவர் மனதில் என்ன ஓடுகிறது என்ற ஊகம், இத்தனையும் அதில் இருந்தது. பள்ளியில் வாசித்தறிதல் என்ற பெயரில் பின்னால் கேட்கப்போவதும் இதைத்தான். அந்தப் பையனிடம் அது தயாராக இருந்தது. ஆங்கிலச் சொற்கள் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

உங்கள் வீட்டுச் சட்டத்தில் எனக்குள்ள பெரிய ஆட்சேபணை இதுதான். நீங்களும் கணவரும் ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள். அப்படியானால் இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று நானே சொல்லிவிடலாம். “கம்”, “ஈட்”, “ஸிட்”, “டோன்ட் டூ”, “ஹோம்வொர்க் ஃபினிஷ்?” இப்படி ஏவல் மட்டும் மிஞ்சியிருக்கும். முன்பு நீங்கள் வேலை செய்துகொண்டே சொன்ன வம்பு, கிண்டல், உங்கள் சின்ன வயதுக் கதை, பக்கத்து வீட்டுக்காரர் மேல் உள்ள எரிச்சல் எல்லாம் நின்றுபோயிருக்கும். குழந்தையின் மொழி வளர்வது அந்தப் பேச்சில்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு நாலு ஆங்கிலக் கட்டளைகளைக் கொடுத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தையும் அவள் உங்களிடமிருந்து சரியாகக் கற்கப்போவதில்லை, உங்கள் தவறுகளைத்தான் கற்பாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்தாலும் அதே கதிதான்.

பல மொழி குழந்தையின் மூளைக்குப் பாரம் என்ற எண்ணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் வகுப்பில் வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறாரோ அவருக்கு அது மாறும். பொழுது சாயும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. தமிழ் பேசினால் ஃபைன் போடும் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிறகு 1923இல் சேயர் என்ற ஆய்வாளர் அதே வேல்ஸில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்து, இருமொழிப் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவு என்று எழுதினார். கிராமப்புறத்துப் பிள்ளைகளிடம்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது, நகரத்துப் பிள்ளைகளிடம் இல்லை. வசதி, பள்ளி, சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதையெல்லாம் சரியாகக் கணக்கில் எடுக்காமல் பழியை மொழிமேல் போட்டுவிட்டார்கள். 1962இல் மாண்ட்ரியாலில் பீல், லாம்பர்ட் இருவரும் ஒரே மாதிரி வசதியுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்து ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். இன்று இந்தத் துறையில் ‘குழப்பும்’ என்று சொல்பவர் அநேகமாக இல்லை. ஆனால் பள்ளி வாசலில் இன்னும் சொல்கிறார்கள்.

இதை வைத்து எதிர்ப்பக்கம் ஓடவும் வேண்டாம். “பல மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும்” என்று வாட்ஸ்அப்பில் வரும். கவனம், நினைவாற்றல் எல்லாம் கூடும் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இப்போது பலத்த சண்டை நடக்கிறது. உங்கள் மொழியை மூளைக்கு டானிக் என்று கணவரிடம் விற்கப் பார்க்காதீர்கள். நாளைக்கு அவர் வேறொரு டானிக்கைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவார்.

அவர் கேட்கும் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லலாம். சோறு போடுமா? போடாமல் போகலாம். வேலைக்கு, மேல்படிப்புக்கு, கணினிக்கு ஆங்கிலம் வேண்டும். அதை மறுத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்து மேடையில் பேசுகிறவர்கள். அந்தப் பேச்சு உங்களுக்கு வேண்டாம். ஆங்கிலம் சோறு போடட்டும். ஆனால் அதைக் கற்க இன்னொரு மொழியை வீட்டைவிட்டு விரட்ட வேண்டும் என்று யார் சொன்னது? வேல்ஸில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 5,38,000 பேருக்கு வெல்ஷ் பேசத் தெரியும். ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீட்டில் அல்ல, அதன் மடியிலேயே உட்கார்ந்திருக்கிற மொழி அது. அதைப் பேசும் பெரியவர்களில் ஆங்கிலம் தெரியாதவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொரு கணக்கும் அவருக்குப் பிடிக்கும். பெல்ஜியத்தில் டச்சு பேசும் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில், பெற்றோரில் ஒருவராவது வேறு மொழி பேசுகிற 1,899 குடும்பங்களிடம் ஆனிக் டி ஹவர் என்ற மொழியியலாளர் விவரம் திரட்டி 2007இல் வெளியிட்டார். டச்சு பேச வராத பிள்ளை அநேகமாக எந்த வீட்டிலும் இல்லை. வீட்டு மொழி பேச வராத பிள்ளைகளோ ஏறக்குறைய நான்கில் ஒரு வீட்டில் இருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வீட்டில் சின்ன மொழியில் மட்டும் பேசிய இடங்களில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். ஒருவர் சின்ன மொழி, மற்றவர் பெரிய மொழி என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் அது கணிசமாகக் குறைந்தது. ஆபத்து எந்தப் பக்கம் என்று இதில் தெரிகிறது. பெரிய மொழியை இழந்த வீடு இல்லை. சின்ன மொழியைத்தான் இழந்தார்கள், அதுவும் பாதி இடம் கொடுத்த வீடுகளில்.

இந்த ஒப்பீட்டை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே டச்சு தெருவிலேயே கிடைத்தது. உங்களுக்குத் தெருவில் கிடைப்பது தமிழ். தமிழைப் பற்றிக் கவலையே படாதீர்கள், அது தானாக வந்துவிடும், வாசிப்பு மட்டும் கற்றுக்கொடுங்கள். ஆங்கிலத்துக்கு உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு எங்கே, எப்படி என்பதுதான் உண்மையான கேள்வி.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979 முதல் சொல்லிவருவது இந்த இடத்தில் உதவும். ஆங்கிலத்தில் சரளமாக அரட்டை அடிக்கக் குழந்தைக்கு இரண்டு வருடம் போதும். பாடப்புத்தக ஆங்கிலம், அதாவது “காரணம் கூறு”, “ஒப்பிடு”, “நிரூபி” என்று கேட்டால் எழுதுகிற ஆங்கிலம், கைவர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். யுகேஜி பிள்ளையிடம் ஆங்கிலம் வரவில்லையே என்று கவலைப்படுவது இதனால்தான் வீண். அதே சமயம் எட்டாம் வகுப்பில் படபடவென்று ஆங்கிலம் பேசுகிற பிள்ளை பரீட்சையில் தடுமாறினால் “நன்றாகத்தானே பேசுகிறான்” என்று விட்டுவிடுவதும் தவறு. அவர் சொன்ன இன்னொன்று, ஒரு மொழியில் வாங்கிய கருத்து அடுத்த மொழிக்குக் கூடவே வரும் என்பது. ஆவியாதல் என்றால் என்ன என்று உங்கள் மொழியில் புரிந்தவளுக்கு ஆங்கிலத்தில் சொல் மட்டும் புதிது. புரியாதவளுக்கு இரண்டுமே புதிது.

அதனால் மிஸ்ஸிடம் போய் இப்படிப் பேசுங்கள்: “மிஸ், வீட்டில் நாங்க எங்க மொழியிலதான் பேசப்போறோம். அவ இங்கிலீஷுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, தினமும் செய்றோம். அடுத்த வாரம் என்ன பாடம், என்ன பாட்டுன்னு முன்னாடியே சொன்னா போதும்.” அநேகமாக அவர் சந்தோஷப்படுவார். பாடத்தைப் பற்றிக் கேட்டுவரும் பெற்றோர் குறைவு. அடுத்த வாரம் வாகனங்கள் பற்றிப் பாடம் என்றால் இந்த வாரமே பாட்டியோடு அதைப் பற்றிப் பேசவிடுங்கள். எது வேகமாகப் போகும், எதற்கு எத்தனை சக்கரம், பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது எதில் போனார், எல்லாம் உங்கள் மொழியில். வகுப்பில் ஆங்கிலத்தில் வரும்போது அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வாய் திறக்கும் நாளும் சீக்கிரம் வரும்.

ஆங்கிலத்துக்கென்று தினமும் ஒரு சின்ன நேரம் ஒதுக்குங்கள். இருபது நிமிடம் போதும். படப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டுங்கள், அல்லது நல்ல உச்சரிப்பில் ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். வாசித்து முடித்ததும் கதையைப் பற்றிய அரட்டை உங்கள் மொழியில் இருக்கட்டும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அலுப்பாக இருந்தாலும் வாசியுங்கள், சொற்கள் ஊன்றுவது அந்தத் திரும்பலில்தான். கணவருக்கு ஆங்கிலத்தில்தான் அக்கறை என்றால் இந்த இருபது நிமிடத்தை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். வீட்டில் நாள் முழுக்க சட்டம் போடுவதைவிட அதில் அவருக்கு வேலையும் இருக்கும், பலனும் தெரியும்.

“இப்போதைக்கு நிறுத்திவைக்கலாமா?” என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், அழுத்தமாகவே சொல்கிறேன். பூட்டிவைத்த வீட்டை ஐந்து வருடம் கழித்துத் திறந்தால் சாமான்கள் அப்படியே இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். மொழி அப்படி இருப்பதில்லை. கொரியாவில் பிறந்து, மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களானபின் சோதித்தார்கள். 2003இல் வெளியான ஆய்வு அது. கொரிய மொழி வாக்கியங்களை அவர்களால் வேறு அந்நிய மொழி வாக்கியங்களிலிருந்து பிரித்துச் சொல்லக்கூட முடியவில்லை. எட்டு வயது என்றால் நன்றாகப் பேசித் திரிந்த வயது. உங்கள் மகளுக்குப் பாட்டி பக்கத்திலேயே இருக்கிறார், அவ்வளவு முழுசாக அழிந்துவிடாது. ஆனால் பேசும் மொழி கேட்கும் மொழியாக மட்டும் சுருங்கிப்போவதை உங்கள் மகனிடமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு சமூகமே இப்படி நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சாட்சி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு வந்த பெற்றோர், பிள்ளைகள் முன்னேறட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். யாரும் வெறுப்பில் செய்யவில்லை, பாசத்தில்தான் செய்தார்கள். ஒரே தலைமுறை. 1970களில் கணக்குப் பார்த்தபோது மாவோரி பேசும் குழந்தைகளையே தேட வேண்டியிருந்தது. 1982இல் கோஹங்கா ரேயோ என்ற பெயரில் மழலையர் கூடங்களைத் திறந்து, மொழி தெரிந்த தாத்தா பாட்டிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்து, நாள் முழுக்க மாவோரியிலேயே பேசவைத்தார்கள். 1987இல் சட்டம் போட்டு ஆட்சிமொழியாக்கினார்கள். பணம், பள்ளி, தொலைக்காட்சி, வானொலி எல்லாம் கொட்டியும் இன்றுவரை அந்த வேலை முடியவில்லை. அவர்கள் அரசாங்கத்தை வைத்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்த மழலையர் கூடம் உங்கள் வீட்டில் சும்மா இருக்கிறது. உங்கள் மாமியாரைத்தான் சொல்கிறேன்.

அரசாங்கமும் பள்ளியும் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் முடியாது. தாய்மொழிவழிக் கல்வியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953லேயே சொல்லிவிட்டது. பிலிப்பைன்ஸ் 2012-13இல் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிகளைக் கொண்டுவந்தது, 2024இல் அந்தக் கட்டாயத்தைச் சட்டம் போட்டே எடுத்துவிட்டது. ருவாண்டா 2008இல் பள்ளிகளை ஆங்கிலத்துக்கு மாற்றியது. சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியர்களில் பலருக்கே ஆங்கிலம் வராததால் 2011இல் சின்ன வகுப்புகளுக்குச் சொந்த மொழியைத் திரும்பக் கொண்டுவந்தது, 2019இல் மறுபடியும் ஆங்கிலம் என்றது. ஒரு குழந்தை வளர்ந்து முடிக்கிற காலத்துக்குள் கொள்கை மூன்று முறை புரண்டுவிடுகிறது. சில ஆயிரம் குடும்பங்கள் பேசும் மொழிக்குப் பள்ளி வரும், பாடப்புத்தகம் வரும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

மகன் விஷயம்தான் கடினம். மூத்த பிள்ளை பள்ளி மொழியை வீட்டுக்குக் கொண்டுவருவதும், தங்கையோடு அதிலேயே விளையாடுவதும் எங்கும் நடப்பது. அவனுக்குப் புரிகிறது என்பது பெரிய சொத்து, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆனால் பேசவைக்கிறேன் என்று உறவினர்கள் முன்னால் நிறுத்தி “எங்கே, நம்ம பாஷையில சொல்லு பார்ப்போம்” என்று கேட்காதீர்கள். அவன் தப்பாகச் சொல்வான், சித்தப்பா சிரிப்பார், அதோடு அந்த வாய் மூடிக்கொள்ளும். சின்ன மொழிகளை ஆங்கிலம் கொன்றதைவிட இந்தச் சிரிப்பு கொன்றது அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வருகிற பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: திருத்த வேண்டாம், சிரிக்க வேண்டாம், அவன் எந்த மொழியில் பதில் சொன்னாலும் நம் மொழியிலேயே பேச்சைத் தொடருங்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். “எனக்கு நாளைக்கு வைட் ஷர்ட் வேணும்” என்று அவன் தமிழில் சொன்னால், உங்கள் மொழியில் “வெள்ளைச் சட்டையா? துவைக்கப் போட்டிருக்கே, நீலம் போதாதா?” என்று கேளுங்கள். அவன் சொன்னதையே உங்கள் மொழியில் திருப்பிச் சொல்லி, மேலே ஒரு கேள்வியும் போட்டாகிவிட்டது. பாடம் நடத்தியதாக அவனுக்குத் தோன்றாது. பத்து வயதுப் பையனுக்கு வேலையும் கொடுக்கலாம். பாட்டியின் கதைகளை ஃபோனில் பதிவு செய்வது, அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவைப்பது. தனி எழுத்து இல்லை என்பது ஒரு குறையே இல்லை. மாவோரியும் ஹவாய் மொழியும் ரோமன் எழுத்தைக் கடன் வாங்கித்தான் எழுதுகிறார்கள். சில ஒலிகள் தமிழ் எழுத்தில் அடங்காது, அவனே ஏதாவது புள்ளி வைத்துச் சமாளித்துக்கொள்வான். அந்த விளையாட்டு இந்த வயதில் பிடிக்கும். வேறு ஊரில் இருக்கும் அத்தை பிள்ளைகளோடு அதே எழுத்தில் மெசேஜ் அனுப்பிக்கொண்டால் இன்னும் நல்லது. மொழிக்குக் கிழவர்கள் மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

இதைப் படிக்கிற தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் தமிழை விழுங்குகிறதே என்று நாம் கவலைப்படுகிறோம். நம் தெருவில் ஒரு குழந்தை தன் வீட்டு மொழியில் அம்மாவைக் கூப்பிட்டால் “அது என்ன பாஷை, காக்கா குருவி மாதிரி?” என்று சிரிப்பதும் நாம்தான். அந்தக் குழந்தைக்கு நாம்தான் ஆங்கிலம்.

வீட்டு மொழி போனால் இழப்பு என்ன என்று கணவர் கேட்டால், அமெரிக்காவில் லில்லி வாங் ஃபில்மோர் 1991இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். ஆங்கிலம் பேசாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் விசாரித்தார்கள். சின்ன வயதிலேயே ஆங்கில மழலையர் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வீட்டு மொழியை வேகமாக விட்டுவிட்டார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் எட்டவில்லை. பிள்ளைகள் வளர வளர, பேச்சே இல்லாத வீடுகள் உருவாகின. “சாப்பிட்டாயா”, “தூங்கு” என்பதற்கு மேல் ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் பேச வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. பயம், நட்பு, பணம், காதல், தோல்வி. அவற்றைச் சுமார் ஆங்கிலத்தில் உங்கள் கணவரால் பேச முடியுமா என்று அவரையே கேளுங்கள். அவர் தன் அப்பாவிடம் எந்த மொழியில் சண்டை போட்டார், எந்த மொழியில் சமாதானமானார் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

மாமியாரிடம் சட்டம் ரத்து என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். நீங்கள் சொன்னால் மருமகள் சமாதானப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொள்வார். மகன் போய், “அம்மா, இவளுக்குப் பள்ளிக்கூடப் பாடமே உன் கையிலதான் இருக்கு” என்று சொன்னால் அதன் எடையே வேறு. அது பொய்யும் இல்லை. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதது உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அவரிடம் பேச வேண்டுமானால் பிள்ளைகள் உங்கள் மொழிக்கு வந்தே ஆக வேண்டும். தமிழுக்கு நழுவாமல் இருக்க அவரை மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருக்கச் சொல்லுங்கள்.

மகளின் பேச்சைப் பற்றி இன்னும் உறுத்தல் இருந்தால் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். சளி, காதுவலி அடிக்கடி வருகிற குழந்தைக்கு இது முக்கியம், வகுப்பில் பேசாததற்குப் பாதி காரணம் அங்கேயே கிடைப்பதும் உண்டு. பேச்சு மதிப்பீட்டுக்குப் போனால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். எந்த மொழியில் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் மட்டும் சோதித்து ரிப்போர்ட் எழுதினால், வீட்டு மொழியிலும் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அவள் பாட்டியிடம் பேசுவதை ஐந்து நிமிடம் ஃபோனில் பிடித்துக் கொண்டுபோனால் பரிசோதிப்பவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். ஒருவேளை உண்மையிலேயே பேச்சுத் தாமதம் என்று தெரியவந்தாலும் வீட்டு மொழியை நிறுத்தச் சொல்ல அது காரணம் ஆகாது. அப்படிச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.